மண்டையோட்டுக்குப் பொட்டு வைப்பதில்லை

கடையில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் நான் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பேன். தரை துடைக்கிற மருந்து, கக்கூஸ் கழுவுகிற ஆசிட், கரப்பான்பூச்சிக்கு அடிப்பது, எதுவானாலும் சரி. மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, திருப்பித் திருப்பி, படம் எங்கே போட்டிருக்கிறான் என்று தேடுவேன். தீ எரிகிற படம், செத்த மீனும் பட்ட மரமும் உள்ள படம், கை மேல் சொட்டு விழுந்து கையை அரிக்கிற படம், மண்டையோடு. இப்போது நான் இருக்கும் செம்பூரில் தெருமுனைக் கடைக்காரருக்கு இது ஒரு வேடிக்கை. "என்ன ஆஜி, ஜாதகம் பாக்கறீங்களா?" என்று கேட்பார், ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வீட்டில் ஒருத்தியின் ஜாதகத்தையே மாற்றி எழுதியது இந்தப் படம்தான் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டா இருக்க முடியும்?

நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். என் மாமனார் அங்கே ஒரு சின்னத் தோல் ஷெட் வைத்திருந்தார். முன்னால் தகரம் போட்ட ஷெட், பின்னால் ஒரே ஒரு அறை. அந்த அறையில்தான் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நாத்தனார், நான், எல்லோரும். ஷெட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரை. மாஹிம் பக்கத்து வியாபாரி ஒருவர் ஆட்டுத்தோல் கொடுப்பார். நாங்கள் ஊற வைத்து, எண்ணெய் ஏற்றி, மெத்தென்று ஆக்கிக் கொடுப்போம். நெல்லைச் சீமையில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவளுக்கு அந்த நாற்றத்தில் வந்த புதிதில் சோறே இறங்கவில்லை. "என்ன வாழ்க்கைப்பா இது" என்று பாத்திரம் கழுவுகிற மோரியில் போய் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுவேன். அப்போது முதுகைத் தடவிக் கொடுத்தவள் என் நாத்தனார்.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை மைனி என்பாள். மற்றபடி மரியாதை எல்லாம் அவ்வளவுதான். "மைனி, இந்த நாத்தத்துக்கு மூக்கு பழகிரும், எங்கம்மா வாய்க்குத்தான் காது பழகாது" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவள் கண்தான் அந்த ஷெட்டுக்கே மூலதனம். தோலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் போதும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மாமனார் பார்த்துச் சரி என்று வைத்ததைக்கூட எடுத்து, "இங்ஙன பாருங்கப்பா, பூச்சி கடிச்சிருக்கு" என்று காட்டுவாள். "எம் மவ கண்ணு கழுகுக் கண்ணு" என்று மாமியார் குழாயடியில் நின்று பெருமை பேசுவார்.

ஷெட்டில் ஜாடிகள் இருந்தன. ஆசிட், எண்ணெய், சாயம், இன்னும் ஒன்றிரண்டு. ஆசிட் வழக்கமாக வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவையில் வரும். எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் இருந்த இங்கிலீஷை அந்தச் சந்தில் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் ரயிலில் போர்டு படிப்பார், அதோடு சரி. ஆனால் மண்டையோடு போட்டு அடியில் இரண்டு எலும்பு குறுக்கே வைத்தால் அது எமன் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. விளக்கு ஏற்றுகிற வீட்டில், அதுவும் ஒரே அறையில் தின்று தூங்குகிற வீட்டில், சுடுகாட்டில் கிடக்க வேண்டியதைச் சுவரோரம் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? மற்ற நாட்களில் மாமியார் அந்தச் சீட்டின் மேல் ஒரு சாக்குத் துண்டைத் தொங்கவிட்டு மறைத்து வைப்பார். ஆயுத பூஜைக்கு அதுவும் போதாது. அன்றைக்குக் கத்தி, வாளி, தோல் காயப்போடுகிற சட்டம், ஜாடி, எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். "மண்டையோட்டுக்குப் பொட்டு வைப்பாவளா?" என்பார் மாமியார். அதனால் பூஜைக்கு முன்தினம் எல்லா ஜாடியிலும் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சீட்டை ஊற வைத்து, நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் சந்தில் இன்னும் சில ஷெட்டுகளிலும் அப்படித்தான். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எனக்கும் அந்தப் படத்தைக் கண்டால் ஆகாது.

மாமனாருக்குச் சீட்டு தேவையும் இல்லை. அவர் ஜாடியைப் பார்த்து வேலை செய்கிறவர் கிடையாது, இடத்தைப் பார்த்து வேலை செய்கிறவர். வாசல் ஓரம் எண்ணெய், மேற்கு மூலையில் ஆசிட், நடுவில் சாயம். இருட்டிலும் கை நீட்டி எடுப்பார். அவர் கை போகிற இடத்தில் அந்தச் சாமான் இருக்கும். எங்களுக்கும் அதுவே பழகிப்போனது. அத்தனை வருஷமும் ஒரு பொட்டுக் காயம் யாருக்கும் கிடையாது என்று அவர் பெருமையாகச் சொல்வார். உண்மைதான்.

அந்த வருஷம் நாத்தனாருக்கு மாப்பிள்ளை நிச்சயமானது. தைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வீடு கோவண்டியில். வேலை செம்பூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில். மாதச் சம்பளம், யூனிபாரம், கேன்டீன் சாப்பாடு. எங்கள் சந்தில் அப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்கும் அமையவில்லை. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று நாத்தனார் குனிந்த தலை நிமிரவில்லை. "எப்படிட்டி இருக்காரு?" என்று கேட்டதற்கு, "காலு நல்லா இருக்கு மைனி, செருப்பு புதுசு" என்றாள்.

ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டிருந்தோம். சம்பந்திகள் வருகிறார்கள் என்று ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சுவரோரம் இருந்ததை எல்லாம் நடுவில் இழுத்துப் போட்டு, அடித்து முடித்து, திரும்பவும் ஓரம் சேர்த்தோம். அக்கம்பக்கத்து ஆட்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். யார் எந்த ஜாடியைத் தூக்கி எங்கே வைத்தார்கள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தோம். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. போதாக்குறைக்கு அந்தத் தடவை ஆசிட் கண்ணாடிக் குடுவையில் வரவில்லை. வியாபாரியிடம் குடுவை இல்லையாம், பீங்கான் ஜாடியில் கொடுத்தனுப்பிவிட்டார். எண்ணெய் ஜாடியும் அதே பீங்கான், அதே பழுப்பு நிறம், அதே மர மூடி. இரண்டையும் பிரித்துக் காட்ட இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

ஜாடிகள் நடுவில் கிடந்தபோதே அந்தச் சீட்டை ஊறப் போட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமியார் தண்ணீர் ஊற்ற, நான் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன். வாளியோடு வந்த நாத்தனார் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, அங்ஙன என்ன பார்வ? நிச்சயமான பிள்ள அந்தச் சவத்தப் பாக்கக் கூடாது. திரும்பி நில்லு."

"படம்தானம்மா. எறங்கி வந்து கடிக்கவா போவுது?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. திரும்புன்னா திரும்பு! ஏளா, நீயாச்சும் சொல்லு அவளுக்கு."

நானும் சொன்னேன். "திரும்பிக்க பிள்ள, அத்தை சொல்லுதாவல்ல." அவள் உதட்டைச் சுழித்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நின்றபடியே சடையை முன்னால் போட்டுப் பின்னிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். மாமியார் நகத்தில் ஒட்டிய காகிதக் கூழை மோரியில் கழுவிவிட்டார். நான் சந்தனம் வைத்தேன், அதன் மேல் அவர் குங்குமம் வைத்தார். ஜாடிகள் வரிசையாக, குளித்துப் பொட்டு வைத்த பிள்ளைகள் மாதிரி நின்றன. அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தோம். நானும் நாத்தனாரும் திரைக்குப் பின்னால். திரையில் ஒரு கிழிசல் உண்டு. அதில் அவள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்க விடவே இல்லை. மாப்பிள்ளை ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜாடிகளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு மாமனாரைக் கேட்டார்.

"மாமா, இந்த ஜாடில எதுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும் மாப்ள."

"இல்ல மாமா, எங்க கம்பெனில சீட்டு இல்லாத டப்பாவ ஒருத்தனும் தொட மாட்டான். தொட்டா மேஸ்திரி உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு."

"உங்க கம்பெனில ஆயிரம் டப்பா இருக்கும். எங்கிட்ட இருக்கது ஒரு கைப்பிடி ஜாடி. எம் பிள்ளையளுக்கு நெத்தியில பேரு எழுதியா ஒட்டியிருக்கேன்? எனக்கு எது எதுன்னு தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவே, "நல்ல நாளும் அதுவுமா வேலைப் பேச்சு எதுக்குல, சும்மா இரு" என்று அடக்கினார். மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சுண்டலைத் தின்ன ஆரம்பித்தார். திரைக்குப் பின்னால் நாத்தனார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். "மாப்ளைக்கு ஜாடியக் கண்டாலே பயமா இருக்கு மைனி. என்னயக் கட்டிக்கிட்டு என்ன பாடு படப் போறாரோ!" என்றாள். நானும் சிரித்தேன். பாவி, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அவள் என் காதில் சொன்னாள்: "மூக்கு கொஞ்சம் பெருசு மைனி. ஆனா சிரிக்கும்போது நல்லாருக்கு." அவள் அவரை முகம் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

விஜயதசமி அன்று காலையில் வேலையைத் தொட்டு ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்குத் தொட்ட வேலை வருஷம் பூராவும் தடையில்லாமல் ஓடும் என்பது எங்கள் நம்பிக்கை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் வியாபாரிக்குப் பூஜைப் பிரசாதம் கொடுக்க மாஹிம் போயிருந்தார்கள். வந்து தொடலாம் என்றுதான் மாமனார் சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்குத்தான் ஆசை. "நீ மொதல்ல தொடுட்டி. அடுத்த விஜயதசமிக்கு நீ இங்ஙன இருக்க மாட்ட. ஒங்கையால ஆரம்பிச்சிட்டுப் போ" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிற தாய் வேறு எப்படிச் சொல்வாள்?

தோலுக்கு எண்ணெய் கலக்குவது நாத்தனார் வேலை. கெட்டி எண்ணெயை இனாமல் பேசினில் ஊற்றி, அதில் கொதிதண்ணீரை விட்டுக் கலக்கி, துணியில் தொட்டுத் தோலில் தேய்க்க வேண்டும். நாள் தவறாமல் செய்கிறதுதான். அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். வாசலோரம் இருந்த ஜாடியை எடுத்தாள். அது எண்ணெய் ஜாடியின் இடம். மூடியைத் திறந்து சாய்த்தாள். கெட்டியாக, லேசான பழுப்பாக, எண்ணெய் போலவே வழிந்திருக்கிறது. ஆசிட் எண்ணெய் மாதிரி வழியும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? குடுவையிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் சாய்ப்பது மாமனார் ஒருத்தர்தான். மற்றவர்களைக் கிட்டவே விட மாட்டார். எண்ணெய் என்று நினைத்து அவள் அதில் கொதிதண்ணீரை விட்டிருக்கிறாள்.

நான் உள்ளே அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டிலிருந்து ஒரு சீறல் கேட்டது. காய்ந்த வாணலியில் தண்ணீர் கொட்டினால் கேட்குமே, அது போல, ஆனால் பெரிதாக. அதற்குப் பிறகுதான் அவள் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தால், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் புரள்கிறாள். புடவை அங்கங்கே புகைகிறது. "மைனி எரியுது, கண்ணு எரியுது மைனி!" நான் அவளை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். தொட்டியில் அடியோடு ஒட்டக் கிடந்தது கொஞ்சம் தண்ணீர். முந்தின நாள் பூஜைக்கு என்று ஜாடியையும் சுவரையும் தரையையும் கழுவிக் கழுவிக் காலி செய்திருந்தோம். குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் இல்லை. அந்தக் கொஞ்சத்தை மொண்டு ஊற்றினேன். பக்கத்துப் பாய் வீட்டு அக்கா, அவரும் நெல்லைச் சீமைக்காரர்தான், குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். "தாயி, கண்ணத் தொற, மூடாத, தொறந்து வையி" என்று கெஞ்சிக்கொண்டே அவள் முகத்தில் விட்டார். தெறித்ததில் அவர் ரவிக்கைக் கையே பொத்தலாகிப் போனது. குடத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்துக்கு வரும்? அதற்குள் யாரோ தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள், யாரோ பாலை ஊற்றச் சொன்னார்கள். "தள்ளிப் போங்க எல்லாரும்!" என்று நான் கத்தியது ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ டாக்ஸி பிடித்துத் தந்தார்கள். சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவளைப் படுக்க வைத்து உடனே கண்ணைக் கழுவ ஆரம்பித்தார்கள். கழுவிக்கொண்டே ஒரு இளம் டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து அவசரமாகக் கேட்டார்: "பாட்லி பே க்யா நிஷான் தா?" ஜாடியில் என்ன அடையாளம் இருந்தது என்று. எனக்கு அந்த அளவு ஹிந்தி அதற்குள் வந்திருந்தது. மாமியாருக்குச் சொன்னேன். அவர் கைகூப்பிக்கொண்டு டாக்டரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்:

"பொட்டு வச்சிருந்தோம் ஐயா. சந்தனமும் குங்குமமும் வச்சிருந்தோம்."

டாக்டருக்குப் புரியவில்லை. "க்யா போல்தி ஹை?", என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். அதை எந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது?

செய்தி கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர், அந்தச் சீட்டாவது கிடைக்குமா என்று பார்க்கத் திரும்ப வீட்டுக்கு ஓடினார். மோரிச் சாக்கடையில் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். கிடைத்தது ஒரு பிடிக் கூழ். அதை ஒரு இலையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பைத்தியக்கார மனுஷன். தங்கச்சி மேல் அவ்வளவு பாசம். அதற்குள் அது ஆசிட்தான் என்று மாமனார் டாக்டரிடம் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், வெகு நேரம் திரும்பவே இல்லை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. கன்னத்தில் மெழுகு உருகி ஒழுகிய மாதிரி ஒரு தழும்பு. ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடித்த கண் அது. ஐயோ, ஒரு துண்டுக் காகிதம்! அது ஜாடியில் ஒட்டியிருந்தால் அவள் தொட்டிருக்க மாட்டாள். இதை நான் நினைக்காத நாள் கிடையாது.

வியாபாரியிடம் மாமனார் சண்டைக்குப் போனார். "குடுவையில் குடுக்காம ஜாடில குடுத்தா எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டாராம். வியாபாரி கோபப்படவே இல்லையாம். "சீட்டு ஒட்டித்தான குடுத்தேன் அண்ணாச்சி, அத ஏன் பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாராம். மாமனார் திரும்பி வந்துவிட்டார். பிற்பாடு சொந்தபந்தத்தில் ஆளுக்கு ஆள் கேட்டார்கள், யார் மேல் தப்பு, யார் ஜாடியை மாற்றி வைத்தது, யார் முதலில் தொடச் சொன்னது என்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருத்தி கண்ணை இழந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், இவர்களுக்குப் பஞ்சாயத்து கேட்கிறது. "எங்க வீட்டுச் சாமி மேல தப்பு, போய்க் கேளுங்க" என்று ஒருத்தியின் மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். அதற்கப்புறம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தார், அழுதார், போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெரியவர் வந்து, ஜாதகத்தை இன்னொருத்தரிடம் காட்டினோம், பொருத்தம் சரியில்லை என்கிறார் என்றார். மாமியார் சண்டை போடவில்லை. பெரியவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். அந்தம்மாவையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மகனைப் பெற்றவள். ஆனால் ஜாதகம் என்று சொன்னார்களே, அதுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை.

மாப்பிள்ளையும் ஒரு தடவை வந்தார், தனியாக. வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போல, யூனிபாரத்தோடு வார்டின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போனேன். கிட்டப் போனதும் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"சீட்டு இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு. பூஜைக்குன்னு எடுத்துட்டோம்."

"என்ன படம்?"

"மண்டையோடு."

"நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்கா. எல்லாரும் சிரிச்சாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு போய்விட்டார். எனக்குக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. 'வந்து பக்கத்தில் உட்காருமய்யா, அவள் எழுந்திருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்து எதற்குக் கூப்பிடுவது? அவர் வந்ததை நான் அவளிடம் சொன்னது கல்யாணப் பேச்சு அடியோடு நின்ற பிறகுதான். "என்ன சட்ட போட்டிருந்தாரு மைனி?" என்று கேட்டாள்.

"காக்கி."

"யூனிபாரமா?"

"ஆமா."

"அவரு பேசி நான் கேட்டது அந்த ஒரு பேச்சுதான். எதுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்னு கேட்டாருல்லா? அதுக்கும் சிரிச்சிட்டேன்." சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு நான் அழுததுபோல் என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

அதற்கடுத்த ஆயுத பூஜை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. தொழில் நடக்கிற இடத்தில் பூஜையை விட முடியுமா? கழுவ வேண்டியதைக் கழுவினோம். ஜாடிகளை மட்டும் யாரும் தொடவில்லை. மாமனார் ஒரு டப்பாவில் தாரைக் காய்ச்சி எடுத்து வந்தார். ஆசிட் ஜாடியின் சீட்டைப் பார்த்துப் பார்த்து, அதே படத்தைத் தாரால் ஜாடியின் வயிற்றிலேயே பெரிதாக வரைந்தார். பூசணிக்காய்க்குக் கீழே இரண்டு விறகை வைத்த மாதிரி இருந்தது. ஆனால் என்னவென்று யாருக்கும் சந்தேகம் வராது. "இனிமே இத ஒருத்தரும் கழுவப்படாது. கழுவுன கைய ஒடிச்சிருவேன்" என்றார். மாமியார் குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வருஷத்திலிருந்து சாகும் வரைக்கும் அவர் எந்த ஜாடிக்கும் தன் கையால் பொட்டு வைத்ததில்லை.

பூஜைக்கு முன்னால் நாத்தனார் என்னைக் கூப்பிட்டாள். "மைனி, அப்பா ஏதோ வரஞ்சிருக்காராமே. என்னய அங்ஙன கூட்டிட்டுப் போங்க."

"அது எதுக்குட்டி இப்ப?"

"கூட்டிட்டுப் போங்கன்னா."

கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஜாடி பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துக்கொண்டு, கையை நீட்டித் தடவினாள். தார் காய்ந்து தடிப்பாக நின்றது. விரல் அந்தத் தடிப்பு மேலேயே மெதுவாகப் போனது. தலையைச் சுற்றி வந்தாள். பல் வரிசையைத் தொட்டாள். குறுக்கே போன எலும்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நீவினாள். பிறகு மேலே வந்து, தார் படாமல் வட்டமாக விட்டிருந்த இரண்டு இடத்திலும் விரலை வைத்தாள்.

"இது கண்ணா மைனி?"

"ஆமா பிள்ள."

"காலியாக் கெடக்கு."

அவள் இன்னொரு தடவை முழுதாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா மைனி? இதப் பாக்கக் கூடாதுன்னுதானா என்னயத் திரும்பி நிக்கச் சொன்னிய?"

திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.